சுக்கான் முளையில் சுண்ணாம்பு

அந்தப் பங்குனியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவேன். கடற்கரையில் நின்றபடி உலையை நினைப்பேன். இரண்டு நாள் சோறு அடிப்பிடித்தது. வாடைக்காற்று அடங்கி முல்லைத்தீவுக் கடல் குளம்போலக் கிடந்தது. ஊர் வள்ளங்கள் எல்லாம் இறங்கத் தயாராகிவிட்டன. எங்களுடையது மட்டும் மணலில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கள் தேவாலயச் சுவாமியார் கரைக்கு வந்து வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளிப்பார். திங்கட்கிழமை காலை திருகோணமலைப் பக்கத்துச் சம்மாட்டி முதலாளி ஒருவரின் லொறி வரும், கூலிக்கு மீன்பிடிக்க ஆட்களை ஏற்றிப்போக. வள்ளம் இறங்காவிட்டால் என் மனுசன் அந்த லொறியில் ஏறிவிடுவார். எனக்கு அப்போது மூன்று மாதம்.

போன வருடமும் அப்படித்தான் போனார். பாய்மரம் முறிந்துவிட்டது, வேறு வழியில்லை என்றார். பங்குனியில் போனவர் ஐப்பசி மழையோடுதான் திரும்பினார். நடுவில், ஆவணியில், எங்கள் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. கடிதம் போட்டோம். ஐப்பசியில் வந்தவர் முற்றத்தில் நின்று, என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு மாரி முழுக்கப் பாய்மரம் செதுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கோபம் எனக்கு ஆறவேயில்லை.

மரம் நட்டாயிற்று, பாய் தைத்தாயிற்று. கடைசியில் பார்த்தால் சுக்கான் அசையவில்லை. வள்ளத்தின் பின்புறம் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். சுக்கானில் உள்ள இரண்டு இரும்பு முளைகள் அவற்றுக்குள் இறங்கி, கதவு போலத் திரும்ப வேண்டும். வள்ளத்தைக் கரையேற்றினால் சுக்கானைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். சென்ற வருடம் போகிற அவசரத்தில் அவர் அதைக் கழற்றாமலே போய்விட்டார். மேல்முளை ஒருவாறு இளகியது. கீழ்முளையும் வளையமும் துருவேறிக் கறள் பிடித்து ஒரே கட்டியாகிவிட்டன.

மண்ணெண்ணெய் ஊற்றினார். தேங்காயெண்ணெய் ஊற்றினார். மரக்கட்டையை அண்டைகொடுத்துச் சுத்தியலால் அடித்தார். தணல் வைத்துச் சுடப் பார்த்தார். சுறா எண்ணெய் குடித்துக் குடித்து ஊறிய பலகை புகையத் தொடங்கியதும் பயந்து மணலை அள்ளிப் போட்டார். ஐந்து நாள் இப்படியே போயிற்று. உப்புக்காற்றைத் திட்டினார், இரும்பு விற்றவனைத் திட்டினார். சனிக்கிழமை காலை அவருடைய மச்சான் வந்து பார்த்துவிட்டு, முளையை அறுத்து எறிந்துவிட்டுப் புதுக்குடியிருப்புக் கொல்லனிடம் புதிது அடிப்பிக்கலாம், இரண்டு கிழமை, பதினாலு நாள், செல்லும் என்றார். என் மனுசன் தலையாட்டிவிட்டு அரம் எடுக்க வீட்டுக்கு வந்தார்.

அந்த முளை ஏன் அசையவில்லை என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கரையில் பெண்கள் சுண்ணாம்பையும் எண்ணெயையும் இடித்துக் குழைத்துக் கொடுப்போம். ஆண்கள் அதைப் பலகை இடுக்குகளில் அப்புவார்கள். தண்ணீர் உள்ளே போகாது, காய்ந்தால் கல். பிள்ளை இறந்த கிழமை என்னால் பாயில் கிடக்க முடியவில்லை. கை சும்மா இருக்க மறுத்தது. எல்லோரும் பூசைக்குப் போன நேரம் ஒரு சிரட்டை நிறையச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு போய், அந்த வளையத்துக்கும் முளைக்கும் நடுவே விரலால் திணித்துத் திணித்து அடைத்தேன். உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்னக்கூடாது என்பதுதான் என் எண்ணம். திரும்ப வேண்டிய ஒன்றை அடைக்கக்கூடாது என்று அந்த நேரம் புத்தி வேலை செய்யவில்லை. மாரி மழையில் கறள் ஊறி, அந்தச் சுண்ணாம்பும் இரும்பின் நிறத்துக்கே வந்துவிட்டது. பிள்ளைப்பேற்றுத் தீட்டு கழியாத துடக்கோடு ஒரு பெண் வள்ளத்தைத் தொட்டாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? ஐந்து நாளும் அதைத்தான் விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

அரத்தோடு வேலிப் படலையைத் தாண்டப் போனவரை மறித்தேன்.

"அதை அறுக்காதேங்கோ. கறள் மட்டும் இல்லை, உள்ளுக்குள்ளை சுண்ணாம்பு இருக்கு. நான்தான் அப்பினனான்."

"எப்ப?"

"பிள்ளையை மண்ணிலை தாட்ட கிழமை. துடக்கோடைதான்."

அவர் ஏசுவார் என்று காத்து நின்றேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். நான் குசினிக்குள் போய் வினாகிரிப் போத்தலை எடுத்து வந்தேன். சுண்ணாம்பைப் புளிப்பு தின்னும் என்பது சட்டி பானை கழுவுகிறவளுக்குத் தெரியும்.

கரைக்குப் போய், பழைய சீலைத் துண்டை வினாகிரியில் நனைத்து முளையைச் சுற்றிக் கட்டினோம். நுரைத்தது. அவிழ்த்து, இளகினதை ஆணியால் கிண்டி, மறுபடி நனைத்துக் கட்டினோம். வெயில் சரியும்வரை இதே வேலை. ஒரு முறை விரல் தடம் பதிந்த துண்டொன்று உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கடைசியில் மண்ணெண்ணெயை ஊற்றி, கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். முளை கிறீச்சென்று கத்தி அசைந்தது. சுக்கானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். மச்சானைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை தான் வரவில்லை என்று லொறிக்காரனுக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து குந்தினார்.

"எங்கை தாட்டவை?" என்று கேட்டார்.

ஏழு மாதத்தில் முதல் தடவை. எழும்பி நடந்தேன், பின்னால் வந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு ஊர்க் கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குள் இடமில்லை. வேலிக்கு வெளியே, வீட்டிலிருந்து கடலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையோரம், ஒரு தாழம்பற்றையின் அடியில் என் அண்ணன் தாட்டிருந்தார். இடத்தைக் காட்டினேன். அவர் பாதையைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் இதாலைதானே போறனான்."

"ஓம்," என்றேன். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."