தையல்காரர் அளந்த முயல்கள்

கண்டிக்கு அடுத்த அம்பிட்டியவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஜவாஹிர் நானா. தையல்காரர். கண்டிக் கந்தோர்க் குமாஸ்தாக்களில் பாதிப்பேர் அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்து வைத்தார்கள். பதினொரு வயதில் வாப்பாவின் கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவர், மூன்றாம் வகுப்போடு சரி. நானோ பிலிமத்தலாவைக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து முதன்முதல் பி.எஸ்ஸி. தேறிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்தவன், ஊரில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்தே சொல்வார்கள். ஆனாலும் 1937ஆம் ஆண்டு, வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று என்னைத் தவிக்க வைத்தவர் இந்த மனிதர்தான்.

காரணம் முயல்கள். அவரிடம் முதலில் இருந்தவை சின்ன நாட்டு முயல்கள். "மச்சான், ஒங்கட முயலுக்கும் எலிக்கும் காதுதான் வித்தியாசம்" என்று அவருடைய மைத்துனர் முஹைதீன் வந்தபோதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சமயத்தில்தான் சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போன பெரிய சாம்பல்நிற ஆண் முயல் கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் கைக்கு வந்தது. பன்னிரண்டு இறாத்தல். நானா சங்கத்துக்கு நாலு தரம் நடந்து அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, 'துரை' என்றே பெயரும் வைத்தார். ஒரு நிபந்தனை இருந்தது. பிறக்கும் கலப்புக் குட்டிகளை வாராவாரம் அளந்து எழுத வேண்டும். எழுத்து ஒழுங்காக இருந்தால் துரை அவரிடமே நிற்கும். அதில் பிழை வந்தால் திரும்பப் போய்விடும்.

ஏழு குட்டிகள் பிறந்தன. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் நானா கொட்டிலுக்குள் புகுந்துகொள்வார். எழுதுவது என் வேலை; புது ஆளைக் கண்டால் குட்டிகள் மிரளும் என்பதால் நான் வெளியே படியில் கொப்பியோடு இருப்பேன். உள்ளேயிருந்து எண்கள் வரும்: நிறை, நீளம், நெஞ்சுச் சுற்று. பிறகு காதுக்குள் சொறி உண்டா, மூக்கு ஈரமா, புழுக்கை இறுக்கமா. குட்டியை நிறுப்பதற்கென்றே அவர் துணிப்பை தைத்திருந்தார். பையின் நிறையைக் கழித்துத்தான் சொல்வார். அதில் அரை அவுன்ஸ் பிசகாது. மழையில் நனைந்த புல்லை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து உலர்த்திப் போட்டார். ஒரு குட்டிக்கும் வயிறு கழியவில்லை.

பெரிய குட்டி நான்காம் வாரம் ஒரு இறாத்தல் இரண்டு அவுன்ஸ். எட்டாம் வாரம் இரண்டு இறாத்தல் பத்து. பன்னிரண்டாம் வாரம் நானா கொட்டிலுக்குள்ளிருந்து, "மாஸ்டர், நாலு இறாத்தல் மூணு" என்றபோது என் பென்சில் முனை உடைந்தது. அதே வயது நாட்டு முயல் இரண்டைத் தாண்டாது. கட்டம்போட்ட தாளில் நிறைக்கும் நெஞ்சுக்கும் நான் வரைந்த கோடுகள் ஹந்தானை மலை மாதிரி ஏறின.

மறுநாள் காலை சங்கத்தின் சார்பில் இன்ஸ்பெக்டர் மயில்வாகனம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இரும்பு நாடா வைத்திருந்தார். முதல் குட்டியை நிறுத்தார், சரி. நீளம் பதினாலு அங்குலம், அதுவும் சரி. நெஞ்சை அளந்தவர் கொப்பியைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார்.

"நேற்றுப் பன்ரண்டு எண்டு எழுதியிருக்கு. இண்டைக்குப் பதினொண்டு. ஒரு நாளில ஒரு அங்குலம் வத்தினதெண்டால் அது நோய். ஆனா நிறை குறையேல்லை. அப்ப என்ன, சும்மா எழுதினதோ?"

நானா குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அல்லாஹ் அறிய, அளந்துதான் சொன்னேன் ஐயா."

"அப்பிடியெண்டால் துரையைக் கூட்டோட கொண்டுபோறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

கொப்பியைப் புரட்டினேன். எழுதியது என் கை. ஆனால் அளந்ததை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து நானாவின் மனைவி மஸீனா ராத்தாவின் குரல் வந்தது. "மாஸ்டர், அந்த ஐயாட நெஞ்ச ஒருக்கா இவர அளக்கச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு ஐயாட டேப்பால நீங்க அளங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம், அளவுங்கோ பாப்பம்" என்று கையைத் தூக்கினார். நானா பழக்கப்படி நாடாவைச் சுற்றி, "முப்பத்தாறு" என்றார். நான் அளந்தேன். முப்பத்தைந்து.

"விரல்" என்றார் ராத்தா. "நெஞ்ச அளந்தா நாடாவுக்கு அடியில ரெண்டு விரல் வச்சிருவாரு. மனுசன் மூச்சு விட வாணாமா? முயலுக்கும் அதத்தான் செஞ்சீக்கிறாரு."

நானா தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். சுட்டுவிரலும் நடுவிரலும் இன்னும் சேர்ந்தே நின்றன. "முப்பது வருசமா வைக்கிறேன். வைக்கிறது எனக்கே தெரியாது."

"மற்றதுகளையும் கொண்டாருங்கோ" என்றார் இன்ஸ்பெக்டர். விரல்தான் காரணமென்றால் ஏழிலும் அதே ஒரு அங்குலம் குறைய வேண்டும். இரண்டாவது, ஒன்று குறைவு. மூன்றாவது, ஒன்று. நான்காவது, ஒன்று. ஐந்தாவது உதைத்துத் திமிறியது. பிடித்து அளந்தோம், ஒன்று. ஆறாவதும் ஒன்று. ஏழாவதுக்கு நாடா சுற்றும்போது ராத்தாவின் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

ஒன்று.

கட்டத்தாளை விரித்து, நெஞ்சுக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு அங்குலம் கீழே இறக்கி வைத்தேன். கோடு முழுசாக இறங்கியது. ஏறிய வேகம் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"பிழையிலயும் ஒழுங்கான மனுசன்" என்றார். "துரை இஞ்சயே நிக்கட்டும். எனக்கு ஒரு கோட் வேணும். அதுக்கு விரலை வையுங்கோ."

செய்தி எட்டியதும் மைத்துனர் முஹைதீன் அன்று பின்னேரமே வந்துவிட்டார். பெரிய குட்டியைத் தூக்கியவருக்கு ஒரு கை போதவில்லை. எலிப் பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை மஸீனா ராத்தா கணவனின் இரண்டு விரல்களையும் உள்ளங்கையோடு மடக்கி, தையல் நூலால் கட்டிவிட்டார். முனகிக்கொண்டே கொட்டிலுக்குள் போனார் நானா. நான் படியில் கொப்பியை விரித்தேன்.

"எழுதுங்க மாஸ்டர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பதினொண்ணேகால். விரல் இல்லாம."