ஒரு கொக்கியும் இரண்டு சுத்தியலும்

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையின் உலைக்கூடத்தில் நான் ஏழு வருஷம் சம்மட்டி அடித்தேன். சம்மட்டி அடிக்க மூளை தேவையில்லை என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொல்லர் தன் கைச்சுத்தியால் பழுத்த இரும்பில் எந்த இடத்தைத் தட்டிக் காட்டுகிறாரோ, அதே இடத்தில் என் சம்மட்டி விழ வேண்டும். மேடுபள்ளம் போக வேண்டுமென்றால் அவர் தட்டைமுகச் சுத்தியை இரும்பின்மேல் வைத்துப் பிடிப்பார். அதன் தலையில் நான் போடுவேன். கைச்சுத்தி இரும்பை விட்டுப் பட்டடைக்கல்லில் 'டிங்' என்றால் நிறுத்து என்று அர்த்தம். வாய்ப்பேச்சே கிடையாது. அந்த இரைச்சலில் பேசினாலும் யார் காதில் விழப்போகிறது?

கொல்லர் கிரேடுக்குப் பரீட்சை வந்தது. தேறினால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அதுவரை சிகந்தராபாத்தில் மனைவியின் அண்ணன் வீட்டு முன்னறையில்தான் எங்கள் குடித்தனம். அவள் அண்ணி காபிக்குச் சர்க்கரை போடும்போதே நம் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்த வீட்டிலிருந்து கிளம்புவதைத் தவிர என் மனைவிக்கு வேறு வேண்டுதலே இல்லை.

"பாஸ் பண்ணாம வந்துராதீங்க," என்றாள், வரும் வழியில் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்வது போல.

ஒரு மாதம் சாப்பாட்டு இடைவேளையில் தனியாகக் கைச்சுத்தி பிடித்துப் பழகினேன். இரும்பில் இரண்டு அடி, கை ஓய்வுக்குக் கல்லில் ஒரு தட்டு. அந்தத் தாளம் எனக்கே பிரமாதமாக இருந்தது.

பரீட்சைக்கு ஒரு கொக்கி அடிக்க வேண்டும். கம்பியை இரண்டே தடவைதான் காய்ச்சலாம். எனக்குச் சம்மட்டி போட வந்தவன் என் வயசுக்காரன், சிகந்தராபாத்திலேயே பிறந்த தமிழன். அடுத்த வாரம் அவனுக்கும் இதே பரீட்சை. இரும்பில் இரண்டு அடி அடித்தேன். பழக்கதோஷத்தில் கல்லில் டிங். அவன் சம்மட்டியை இறக்கிவிட்டான்.

"ஏண்டா நிறுத்துன?"

"நீதானேப்பா நிறுத்தச் சொன்னே! கைக்கு திட்டுறே?" என்றான். 'ஏன்' என்பதற்கு அவன் ஊரில் 'கைக்கு'.

மறுபடியும் டிங், மறுபடியும் நிறுத்தம். கம்பி கறுத்துப்போனது. எனக்கு வந்ததே கோபம்!

"டிங்கைக் காதுலயே வாங்காத! வாயால சொன்னா மட்டும் நிறுத்து!"

"ஹவ்," என்றான். அதுவும் அந்த ஊர்ப் பேச்சுதான், 'சரி' என்று அர்த்தம்.

இரண்டாவது சூட்டில் முனை அழகாக வந்தது, வளைவும் வந்தது. போதும் என்று தோன்றியதும், ஏழு வருஷம் கேட்டுப் பழகிய அதே டிங்கைக் கல்லில் தட்டினேன். வாயைத் திறப்பதற்குள் சம்மட்டி இறங்கிவிட்டது. கொக்கி அப்பளமாகிக் கிடந்தது.

பரீட்சையை நடத்திய ஃபோர்மன் என்னிடம் வந்தார். "அடிச்சவன் தப்புன்னா சொல்லு. வேற ஆளை வெச்சு நாளைக்கே அடிக்கலாம். ஆனா அடுத்த வாரம் அவனைப் பரீட்சைக்கு விடமாட்டேன்."

அவன் சம்மட்டிக் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பழியை அவன் தலையில் போட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பாவி, நான் சொன்னதைத்தானே செய்தான்!

"என் தப்புதான் சார்."

"அப்ப அடுத்த வருஷம் வா," என்றார்.

வீட்டில் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "நல்ல ஆளுய்யா நீங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் அண்ணி, "என்னாச்சு, பாஸா?" என்று குரல் கொடுத்தார்.

"இல்ல அண்ணி," என்றாள் என் மனைவி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பொய் சொல்லியிருந்தா பாஸ். இவர் சொல்லல. இன்னும் ஒரு வருஷம் நாங்க இங்கதான்."

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.