புளியங்கொட்டைக் கஞ்சியும் போர்மேனின் மணியும்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. வருகிறவர்கள் அதைக் கோயில் மணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாராவது விளையாட்டாக அதன் நாக்கை ஆட்டிவிட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவேன். இந்த வயதிலும் கால்கள் ஓடத்தான் பார்க்கின்றன.

எழுபதுகளில் கோயமுத்தூருக்குத் தெற்கே, மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காகித ஆலையில் இருந்த மணி அது. கல்லூரி முடித்த கையோடு அங்கே கெமிஸ்டாகச் சேர்ந்தேன். பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியின் வயல்களில் கிடைக்கும் வைக்கோலைக் கூழாக்கித்தான் எங்கள் காகிதம். வைக்கோல் நார் குட்டையானது, பிடிப்புப் போதாது. ஈரத்தாள் சூடான உருளைக்கு மாறுகிற இடத்தில் அறுந்து விழும். உடனே போர்மேன் மணியடிப்பார். லேபில் இருந்தாலும் சோற்றில் கை வைத்திருந்தாலும் எல்லோரும் ஓட வேண்டும், நுனியைப் பிடித்து மறுபடி கோக்க வேண்டும். அந்த மனிதர் மணியை அடிப்பதே என்னை வம்புக்கு இழுக்கத்தான் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கோயமுத்தூர் மில்களில் நூல் அறாமலிருக்கப் புளியங்கொட்டை மாவில் கஞ்சி போடுவார்கள். அதையே கூழில் கலந்தால் நாரை நார் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று அடம்பிடித்தேன். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு ஒரு நாளு பாரு அம்மிணி. அந்துதுன்னா லேபைப் பூட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிரு."

போர்மேனுக்குக் கொண்டாட்டம். "ஏனுங்க அம்மிணி, புளி ஆச்சு. அப்படியே உப்பு மொளகாயும் போட்டு ரசமா வெச்சரலாமுங்களா?"

மறுநாள் காலை, பதற்றத்தில் மாவை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் கொட்டினேன். களி கிண்டத் தெரிந்த எவளும் செய்யாத காரியம்! கட்டி கட்டியாகத் திரண்டு, தாளில் பொத்தல் விழுந்து, மணி அலறியது. நல்லவேளை, முதலாளி இன்னும் ஆலைக்கு வந்திருக்கவில்லை. மிச்ச மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு காய்ச்சி, துணியில் வடித்துக் கூழில் ஊற்றினேன். இந்த முறை போர்மேன் கிண்டல் செய்யவில்லை. இயந்திரத்தை மெல்ல ஓட்டினார்.

தாள் உருளையைத் தொட்டது, பிடித்தது, ஓடியது! பார்த்துக்கொண்டு நிற்கத் தைரியமில்லாமல் லேபுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். மதியம் போனது. மணி இல்லை. ஷிப்ட் முடியப்போகிற நேரத்தில், ஆலையே அதிரும்படி மணி அடித்தது. போச்சு, வேலை போச்சு என்று ஓடினேன்.

அங்கே எதுவும் அறுந்திருக்கவில்லை. சுருள் பெருத்து நின்றது. போர்மேன் மணிக்கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நெறஞ்சிருச்சுங்க அம்மிணி! இந்தச் சுருளு ஒருக்காக்கூட அந்துபோகாம நெறஞ்சிருச்சுங்க! மனசு கேக்கல, அதானுங்க அடிச்சேன்!"

பல வருஷம் கழித்து ஆலை மூடப்பட்டபோது மணியை அவரே கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். போன வாரம் மருமகள் அதைத் துடைக்கையில் ஓங்கி ஒலித்துவிட்டது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றேன்.

"ஏனுங்கத்தை, என்னாச்சுங்க?" என்று பயந்துபோனாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றேன். "நெறஞ்சிருச்சு."