கேட்டைத் தாண்டிய பௌதி

வேட்பாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, எதிரே வருகிற எல்லோரையும் பார்த்துக் கும்பிட வேண்டும்; போதாக்குறைக்கு, செய்யாத தப்புக்கெல்லாம் நின்று பதில் சொல்ல வேண்டும். குடியிருப்போர் சங்கத்து செக்ரட்டரி பதவிக்காவது ஒரு தரம் நின்று பேரைக் கெடுத்துக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

மாட்டிக்கொண்டது

தொண்ணூறுகளில் ஒரு தேர்தலுக்கு எங்கள் லேக் கார்டன்ஸ் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நிற்க ஒரு பெண் வேண்டுமே என்று கட்சியில் தேடியபோது நிர்மல்தாவுக்கு என் ஞாபகம் வந்து தொலைத்தது. துறைமுகம் பக்கத்துக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் நான் மேனேஜருக்கு ஸ்டெனோ, அவர் அங்கே யூனியன் தலைவர். ரிட்டயரான பிறகு எங்கள் பேட்டையில் கட்சி என்றாலே அவர்தான். அவரை எல்லோரும் தாதா என்போம், அண்ணன் என்று அர்த்தம்; அவர் என்னை பௌதி என்பார், நாம் மதினி என்கிறோமே அது மாதிரி. "நீங்க சும்மா நின்னா போதும் பௌதி, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று வங்காளத்தில் தேனாகப் பேசினார். நானும் தலையாட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இந்த வங்காளத்து ரயில்வே ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். நிர்மல்தா படியிறங்கினதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி கோமு, பில்டிங் மீட்டிங்லயே நீ வாயத் தொறக்க மாட்ட, இதுல ஊருக்கு வேற பதில் சொல்லப் போறியா?"

சுவரில் என் மூக்கு

தேர்தல் வந்தால் இங்கே ஒரு சுவர் பாக்கி இருக்காது. முந்திக்கொண்டு சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு அந்தச் சுவர் சொந்தம். அதில் பெரிய பெரிய எழுத்து, எதுகை மோனையோடு நாலு வரிப் பாட்டு, பக்கத்தில் கேலிப் படம். ஒருநாள் பால் வாங்கப் போனால், எதிர்க்கட்சிச் சுவரில் நான்! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பூட்டின கேட் மேலே ஏறுகிறேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் தொப்பி வைத்த முதலாளி கை நீட்டுகிறான். கீழே பாட்டு: தொழிலாளி பட்டினி கிடந்தபோது கேட்டைத் தாண்டிப் போய் முதலாளிக்கு டைப் அடித்தவளுக்கா உங்கள் ஓட்டு?

எங்கள் ஆபீசில் எண்பதுகளில் நடந்த பெரிய ஸ்ட்ரைக்கைத்தான் சொல்கிறார்கள். கிடர்பூரிலிருந்து அதை இங்கே எவன் தூக்கிக்கொண்டு வந்தானோ! பால் பாத்திரத்தோடு நான் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து ஃப்ளாட் அம்மாள் வந்தாள். படத்தை நன்றாக உற்றுப் பார்த்தாள். "பரவாயில்லையே, ரெண்டு பக்கத்து மூக்குத்தியையும் கரெக்டா போட்டிருக்கானே!" என்றாள்.

உள்ளே போனது நிஜம்

ஆமாம், போனேன். எதற்குப் போனேன் என்பதுதானே விஷயம்? ஸ்ட்ரைக் தொடங்கின அன்றைக்கு யூனியன்காரர்கள் கேட்டைப் பூட்டிக் கொடி கட்டினார்கள். உள்ளே கோடவுன் பக்கத்து அறையில் வாட்ச்மேன் ராம்தனி இருந்தார். வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு அங்கேயே கிடந்தார் அந்தப் பீகார்க்காரர். நாலைந்து நாளில் டைபாய்டு. கேட்டைத் திறந்தால் கம்பெனி லாரி உள்ளே புகுந்துவிடும், திறக்காவிட்டால் மனிதர் போய்விடுவார். நிர்மல்தாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் பக்கவாட்டுச் சின்னக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டார். கஞ்சியும் மருந்தும் எடுத்துக்கொண்டு போனேன், ஆள் எழுந்து உட்காரும் வரைக்கும் போனேன். டைப் மெஷின் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

ராம்தனி பிழைத்து ஊருக்குப் போய் அப்புறம் காலமாகிவிட்டார். ஆக, உலகத்தில் இதற்கு ஒரே சாட்சி நிர்மல்தா. கட்சி ஆபீசுக்கு ஓடினேன். "ஒரு வார்த்தை சொல்லுங்க தாதா, நீங்க சொன்னா ஊரே நம்பும்" என்று கெஞ்சினேன். ஸ்ட்ரைக் தலைவனே கதவைத் திறந்தான் என்று தெரிந்தால் கட்சிக்குள் அவர் கதி என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் என் மானம் அல்லவா சுவரில் தொங்குகிறது! அவர் சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டு முடியட்டும் பௌதி, நானே எல்லார்கிட்டேயும் சொல்றேன்."

நாங்கள் கொடுத்த பதில்

அதற்குப் பதிலாக நிர்மல்தா ஒரு வழி கண்டுபிடித்தார். சுவருக்குச் சுவர் பதில்! வார்டு முழுக்க எங்கள் சுவர்களில், அவர்கள் எழுத்தைவிடப் பெரிய சிவப்பு எழுத்தில், "பௌதி ஸ்ட்ரைக்கை உடைக்கவில்லை, டைப் அடிக்கவில்லை" என்று எழுத வைத்தார். அவர்கள் படம் போட்டது ஒரே ஒரு சந்தில். நாங்கள் பதில் எழுதியது ரயில்வே லைன் வரைக்கும்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். பத்து வருஷமாக எனக்குக் காய் கொடுக்கிற மாஷி, நம்மூர்ச் சித்தி மாதிரி, இந்த வம்பு தும்பு எதுவும் தெரியாத மனுஷி, பரங்கிக்காயை நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை அப்படியே நிறுத்திவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஸ்ட்ரைக்கை உடைச்சது நீங்கதானா தீதி? எனக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாதே!" என்றாள்.

தெருமுனைக் கூட்டம்

அதற்கப்புறம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பேச்சு. தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் ஆரம்பித்தால், அவர்கள் கேட்டைப் பற்றிக் கேட்பார்கள். ராத்திரி தூக்கம் போச்சு, சோறு இறங்கவில்லை. கடைசித் தெருமுனைக் கூட்டத்தில் நான் ஒரு முடிவோடுதான் மேடை ஏறினேன். எழுதிக் கொடுத்ததைத் தூர வைத்துவிட்டு, ராம்தனியின் காய்ச்சலில் ஆரம்பித்து, கஞ்சி கொண்டு போனது வரைக்கும் எனக்குத் தெரிந்த வங்காளத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். "கதவைத் திறந்துவிட்டது யார் தெரியுமா? இதோ உட்கார்ந்திருக்கிற நிர்மல்தாதான்! கேளுங்கள் அவரை!" என்றேன்.

சொன்னபோது பத்து வருஷப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நிர்மல்தா எழுந்தார். இப்போதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கையை உயர்த்தி, "பௌதி ஜிந்தாபாத்!" என்றார். கூட்டம் மொத்தமும் "ஜிந்தாபாத்! ஜிந்தாபாத்!" முன்வரிசையில் மட்டும் நாலைந்து பேர் ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்தார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. இறங்கி வரும்போது மைக் செட்காரர் பாவப்பட்டு என் பக்கத்தில் வந்து சொன்னார்: "கடைசியா நீங்க பேசினது வெளியே கேக்கலை பௌதி, வால்யூமைக் குறைக்கச் சொல்லி தாதா சைகை காட்டிட்டாரு."

தோற்ற பிறகு

தோற்றேன். அதுகூடப் பெரிசில்லை. ஓட்டு முடிந்தது, நிர்மல்தா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மழை வந்து சுவர் எழுத்தெல்லாம் கரைந்த பிறகும் நான் ஸ்ட்ரைக்கை உடைத்தவள்தான். பூஜைப் பந்தலில் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுவார்கள். கிடர்பூர்ப் பழைய சிநேகிதிகள் போன் செய்வதை நிறுத்தினார்கள். ஒரு தப்பும் செய்யாமல் தலை குனிந்து நடக்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில் வார்டு பொதுவானது. நிர்மல்தாவே நின்றார். மறுவாரமே எதிர்க்கட்சிச் சுவரில் புதுப் படம்: நிர்மல்தா குனிந்து வணங்கி ஒரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறார், மூக்குத்திக்காரி ஒருத்தி உள்ளே போகிறாள். ஸ்ட்ரைக்கை விற்றவர் என்று பாட்டு. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மைக் எதற்கு, அன்றைக்கே காதில் விழுந்திருக்கிறது! அப்பாடா, உண்மை ஒருவழியாகச் சுவருக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அது சாயங்காலம் வரைக்கும்தான். ஐந்து வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கம் வராத மனிதர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் கொடுத்த காபியைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று, பைத்தியக்காரி, நான் நினைத்துக்கொண்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க பேருதான் ஏற்கெனவே கெட்டுப் போச்சே பௌதி. நாளைக்குக் கூட்டத்துல வந்து, நானாத்தான் போனேன், யாரும் கதவைத் திறந்துவிடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என் பேராவது பிழைக்கட்டும்."

தேர்தலில் நின்றால் டெபாசிட் போய்விடும் என்றுதான் எல்லோரும் என்னைப் பயமுறுத்தினார்களே தவிர, சம்பாதித்த கெட்ட பேரைக்கூட இரவல் கேட்டு வீடு தேடி வருவார்கள் என்று ஒரு பிராணி சொல்லவில்லை.