ஆடியில் டயர் வாங்கிய மச்சாள்

தவமணி மச்சாள் காலமான செய்தி வந்தபோது நான் மெல்பேர்னில், ரோவிலில் என் வீட்டுக் குசினியில் பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ரெலிபோனில் அவருடைய மகள் நிர்மலா.

"மாமா, அம்மா விடியக்காலமை மோசம் போயிட்டா. நித்திரையிலதான். நோ பெயின்."

பல் இல்லாத வாயால் நான் என்ன சொன்னேனோ தெரியாது. "வாட், மாமா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். யன்னலுக்கு வெளியே பனிப்புகார் வேலியையும் முன்வீட்டுக் காரையும் மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருந்தது. மச்சாள் அதற்குள்ளேதான் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவளும் நிர்மலாதான். "பட் ப்ளீஸ் மாமா, பகிடி வேண்டாம். சீரியஸா எழுதுங்கோ," என்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர விடுமுறை கொடுத்தவன் நான். பகிடியையும் எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது வெறும் தாள்தான். மேலும், தவமணி என் தாய்மாமனின் மகள். மச்சாளைப் பகிடி பண்ணுவது மச்சானின் உரிமை அல்ல, கடமை. ஆகவே, பிள்ளை, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பிற்காலத்தில் குடியிருந்த கிரவீனில் அவரை எல்லோரும் தவமணி அன்ரி என்று அறிவார்கள். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மிளகும் சீரகமும் அரைத்த சரக்குக்கறி ஆக்கிக் கொண்டுபோவார். குழந்தையைத் தூக்கியதும் அதன் உச்சியை மணந்து பார்ப்பார். அதற்கு முன்னர் விக்டோரியாவின் மலைப்பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் நெடுங்காலம் மருத்துவிச்சியாக இருந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். அங்கே அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்கும், முன்னமே காலமாகிவிட்ட அவருடைய கணவர் சோமண்ணைக்கும் மட்டும் தெரிந்த கதை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் பின்னாலே ஓடிப்போய்ப் பெயர் கேட்கிற காலம். சோமண்ணை கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். நான் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்குப் பிடி பூட்டிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பெயர் எடுத்த மருத்துவிச்சியான மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவினார். அவருடைய படிப்பை இங்கே ஒருவரும் ஏற்கவில்லை. எத்தனையோ இடங்களுக்கு எழுதிய பிறகு, மலை ஊரின் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து தலைமைத் தாதி ரெலிபோனில் பேசினார். பனிகாலத்தில் அங்கே வர ஒருவரும் சம்மதிப்பதில்லை, வந்தவர்களும் ஓடிவிட்டார்கள். சொந்த வண்டியில் பனிக்குள் ஏறி வரக்கூடியவர் என்றால் வரும் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வாருங்கள், வேலை உங்களுக்கு. வராவிட்டால் இன்னொருவரைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

வண்டி இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பச்சை ஜீப். ஒரு பண்ணைக்காரரிடம் சோமண்ணை வாங்கியது. ஆனால் அதன் டயர்கள் இப்போதைய என் தலையைப் போல இருந்தன.

"இதோட மலைக்குப் போனால் ஏறுறதுக்கு முதல் இறங்கிவிடுவீர்," என்றேன்.

"மச்சான், பகிடியைப் பிறகு விடுங்கோ. இனி இந்த வேலையும் இல்லையெண்டால் நான் ஆயுசுக்கும் கோப்பைதான் கழுவவேணும். என்ர கை பிள்ளை ஏந்தின கை," என்றார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் கண்டேன். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறிப்போன கைகள். அவற்றை அவர் மடியில் வைத்திருந்த விதம், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல இருந்தது.

டயர்க் கடை, ரயில் பாதைக்குப் பின்னால். கடைக்காரர் லூய்ஜி, வட இத்தாலியின் மலைக் கிராமத்துக்காரர். அவருடைய அரை இங்கிலீசும் என்னுடைய அரை இங்கிலீசும் சேர்ந்தால் ஒரு முழு இங்கிலீசு ஆகும். முற்றத்தில் டயர்கள் கறுப்புக் கோபுரங்களாக நின்றன. சோமண்ணை நேரே போய், பெரிய பெரிய பல்லு வைத்த சேற்று டயர் ஒன்றைக் கட்டிப்பிடித்தார்.

"தவம், இதுதான் வேணும். கிளிநொச்சி வயலுக்குள்ள அப்பாவின்ர உழவு மெசின் எப்பிடிப் போச்சு? பெரிய பல்லு. பனி எண்டாலும் சேறுதானே, நிறம்தான் வேற."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் மூவரில் ஒருவரும் அதுவரை பனியைக் கையால் தொட்டதில்லை.

லூய்ஜி தலையை ஆட்டினார். பனி சேறு அல்ல, றோட்டில் விழுந்து வாகனங்கள் மிதிக்க மிதிக்க இறுகிப்போகும், பெரிய பல் அதன்மேல் மரக்கட்டைச் செருப்பைப் போல வழுக்கும் என்றார். எல்லாத் தரைக்கும் என்று செய்த ஒரு நடுத்தர டயரைக் காட்டினார். அதன் பற்கள் சின்னவை, நெருக்கமானவை, ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் பனியைக் கடிக்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார். குளிரில் ரப்பர் இறுகக்கூடாது. இறுகினால் எந்தப் பல்லும் பொய்ப்பல்.

புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். அப்போதுதான் மச்சாள் கையை உயர்த்தினார்.

"இது ஆடி மாசம்."

சோமண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் அது நினைவில்லை. வடக்கே எங்கள் ஊரில் ஆடிக்காற்று அடிக்கிற மாதம், இங்கே மலையில் பனி கொட்டுகிற மாதம்.

"ஆடியில புதுசு வாங்கி, அதில ஏறி, புது வேலைக்குப் போறதோ? மாட்டன். நான் தொடப்போறது பிள்ளைத்தாச்சியளை. எனக்குத் துணிவில்லை."

"அப்ப தலைமைத் தாதியிட்டை ஆவணி மட்டும் பனியை நிப்பாட்டச் சொல்லுவம்," என்றார் சோமண்ணை. அவருக்கு உண்மையிலேயே கோபம். லூய்ஜி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். டயரில் ஏதோ குறை என்று நினைத்திருப்பார்.

"மச்சாள்," என்றேன், "உமக்கு மருத்துவிச்சி வேலை புதுசோ?"

"இல்லை."

"ஜீப் புதுசோ?"

"அது எனக்கு முதலே பிறந்தது."

"அப்ப டயரும் பழசு எண்டால், இதில ஆடி எங்கை வந்தது? ஆரோ ஒரு மனுசன் நல்ல நாள் பாத்து வாங்கி, ஒரு கோடை ஓடின டயரை எடுப்பம். வேலை பழசு, வண்டி பழசு, டயர் பழசு, நீரும் பழசு."

"நீங்கள் மட்டும் பெட்டி உடைக்காத புதுசோ?" என்று கேட்டார். ஆனால் சிரித்துவிட்டார். சோமண்ணை மூச்சு விட்டார்.

லூய்ஜியின் கடைக்குள்ளே அந்த நடுத்தர வகையில் பழையவையும் இருந்தன. ஆனால் மச்சாள் உடனே எடுக்கவில்லை. ரப்பர் குளிரில் இறுகக்கூடாது என்றால் குளிரில்தானே பார்க்கவேண்டும்? எல்லாவற்றையும் இரவு வெளியே போட்டுவைக்கச் சொன்னார். மறுநாள் விடிய, முற்றமெல்லாம் உறைபனி பூத்திருந்தது. சேலைக்கு மேலே சோமண்ணையின் ஓவர்கோட், காலில் றப்பர் பூட்ஸ். குனிந்து, ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நடந்தார், சந்தையில் வெண்டிக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்ப்பதைப் போல.

நல்ல ஆழமான வெட்டுள்ள ஒரு தொகுதியை லூய்ஜி தட்டிக் காட்டினார். மச்சாளின் நகம் அதில் இறங்கவில்லை. "ஆழம் இருந்து என்ன, விறகு மாதிரி இருக்கு." அடுத்தது மெத்தென்று இருந்தது, ஆனால் வெட்டுகள் தேய்ந்துவிட்டன. மூன்றாவது தொகுதி பார்வைக்கு அழகில்லை, ஓரமெல்லாம் செம்மண். நகம் இறங்கியது. எடுத்ததும் அந்தத் தடம் மெல்ல எழுந்து மறைந்தது. வெட்டுக்குள்ளே தீக்குச்சியின் தலை மூழ்கியது. "இது உயிரோட இருக்கு," என்றார். லூய்ஜி தன் பெரிய விரலால் தானும் அழுத்திப் பார்த்தார். ஊரில் தன் தாய் தக்காளியையும் மருமகள்மாரையும் இப்படித்தான் பார்த்து எடுத்தவ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு மூட்டை அரிசியோடு புறப்பாடு. வெள்ளைக்காரப் பக்கத்துவீட்டு மனுசி தன் மரத்து எலுமிச்சம்பழங்களைப் பாவம் என்று ஒரு பை நிறையத் தந்தார், தேத்தண்ணிக்கு என்று நினைத்து. அவற்றில் நாலை நாங்கள் சக்கரங்களுக்குக் கீழே வைத்து நசுக்கியதைக் கண்டபின் அவர் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. சோமண்ணைக்குக் கணக்கியல் சோதனை எழுத இருந்தபடியால் நான்தான் துணை.

மலையடியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டுத் திங்கள் காலை ஏறத் தொடங்கினோம். அந்தப் பயணத்தை நான் பிறகு எத்தனையோ தரம் கனவில் கண்டிருக்கிறேன். எது நடந்தது, எது கனவு என்று இப்போது பிரிக்க முடியாது. முதலில் மரங்களின் இலைகளில் மட்டும் வெள்ளை இருந்தது. பிறகு கிளைகளில். பிறகு மரங்களே இல்லை, வெள்ளைக்குள் மரங்களைப் பற்றிய ஒரு ஞாபகம் மட்டும் இருந்தது. சத்தம் போய்விட்டது. எஞ்சின் ஓடுவதுகூடப் பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பதைப் போலக் கேட்டது. மேலேயிருந்து பனிப்பூ விழுகிறதா, நாங்கள் அதற்குள் மேலே எழும்பிப் போகிறோமா என்று தெரியவில்லை. மச்சாள் ஸ்டியரிங்கைச் சாமிப் படத்தைப் பிடித்ததுபோலப் பிடித்திருந்தார். "ஊரில அம்மாவுக்கு இதை எப்பிடி எழுதுறது?" என்று ஒரு தரம் கேட்டார்.

ஒரு வளைவு செங்குத்தாக ஏறியது. புதுப்பனி குவிந்திருந்தது. பாதி ஏறியதும் சக்கரங்கள் சுழன்றன. வண்டி நின்றது. பிறகு, கனவில் நடப்பதுபோல மிக மெதுவாக, பின்னால் வழுக்கத் தொடங்கியது. எனக்கு இடப்பக்கம் றோட்டின் விளிம்பு, அதற்கப்பால் வெறும் புகை. மச்சாள் பிறேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. கியரிலேயே விட்டு, பொறுத்து, பொறுத்து, மண்மேட்டோடு சாய்த்து நிறுத்தினார்.

"மச்சான், ஏன் பேசாமல் இருக்கிறியள்? ஒரு பகிடி விடுங்கோவன்."

என் வாழ்க்கையில் முதற்தடவையாக என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"சரி. அப்ப இறங்கி டயரில கொஞ்சம் காத்துத் திறந்து விடுங்கோ. மணற்காட்டு மணலுக்குள்ள லொறிக்காரர் செய்யிறவை. டயர் மெத்தெண்டு படுத்தால்தான் பிடிக்கும்."

இறங்கினேன். முழங்கால் வரை பனி. பனி சேறு இல்லை என்று என் கால் அப்போதுதான் படித்தது. ஒவ்வொரு டயராகக் காற்றை விட்டேன். அது பெருமூச்சு விட்டு அகன்று படுத்தது. ஏறி உட்கார்ந்தேன். மச்சாள் முதல் கியரைப் போட்டு வண்டியோடு பேசத் தொடங்கினார். எனக்குச் சொன்னது அல்ல, வண்டிக்குச் சொன்னது.

"அவசரப்படாதை பிள்ளை. மூச்சை எடு. நான் பக்கத்தில நிக்கிறன். இப்ப மெல்ல. மெல்ல. முக்காதை, இன்னும் நேரம் வரேல்லை. ம், இப்ப. இப்பத் தள்ளு. அப்பிடித்தான் என்ர ராசாத்தி. இன்னும் கொஞ்சம். தலை தெரியுது."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கோப்பை கழுவுகிறவரின் குரல் அல்ல அது. பழைய டயர்களின் சின்னச் சின்ன விளிம்புகள் பனியைக் கடித்தன. வண்டி நடுங்கியது, ஒரு சாண் ஏறியது, நின்று யோசித்தது, மறுபடி ஏறியது. வளைவு தாண்டியதும் மேலே வெளிச்சம் பரந்தது.

மத்தியானத்துக்குச் சற்று முன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். தலைமைத் தாதி வெளியே வந்து முதலில் எனக்குக் கை தந்தார், நான்தான் ஓட்டி வந்தேன் என்று நினைத்து. நான் மச்சாளைக் காட்டினேன். அவர் மச்சாளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், சேலைக் கரையில் ஒட்டிய பனியைப் பார்த்தார். மேட்டுப் பண்ணை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு வலி தொடங்கிவிட்டது, அம்புலன்ஸ் ஏறமாட்டாமல் திரும்பிவிட்டது, உங்கள் வண்டி போகுமா என்று கேட்டார்.

மச்சாள் என்னைத் தமிழில் கேட்டார்: "அரிசிமூட்டையை இறக்குவியளோ? தாதி அம்மாவும் வாறா, இருக்க இடம் வேணும்."

பின்னேரம்தான் திரும்பி வந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக் குசினியில் சோறு வைத்துக்கொண்டு யன்னலையே பார்த்திருந்தேன். மச்சாள் வந்து கதிரையில் இருந்தார். கைகளை மேசைமேல் வைத்தார். அவை சிவந்து, சூடாக இருந்தன.

"ஆம்பிளைப் பிள்ளை," என்றார். "நல்லாக் கத்தினவன்."

வேலையைப் பற்றித் தலைமைத் தாதி ஒன்றும் பேசவில்லை. ஒரு வெள்ளைச் சீருடையைக் கொண்டுவந்து கதிரையின் முதுகில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தபால் பஸ்ஸில் நான் மலையிறங்கினேன். மச்சாள் வழியனுப்ப வரவில்லை, அவருக்கு இன்னொரு அழைப்பு. பஸ் முதல் வளைவில் திரும்பியபோது எதிர்ச் சரிவில், பனிக்கு நடுவே, ஒரு பச்சைப் புள்ளி ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டேன். சத்தமே இல்லை. புகார் வந்து மூடியது, விலகியது. புள்ளி இன்னும் கொஞ்சம் மேலே நின்றது. மறுபடி மூடியது. அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் நான் யன்னலால் கையை ஆட்டினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் யாருக்கு என்று கேட்டார். "டாக்டருக்கு," என்று ஒரு பொய் சொன்னேன்.

போயிட்டு வாரும், மச்சாள். நீர் போகிற இடத்தில் ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை என்கிறார்கள். உமக்கு டயரைப் புதுசாகவே வாங்கலாம்.