இன்ஸாஃப் இறக்கிய கூஜா

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் என்னோடு கெய்ரோவுக்கு, ஜமாலியா பேட்டைக்கு வரட்டும். எங்கள் வீட்டு மரச் சல்லடைச் சன்னல் இன்னும் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பொய் சொல்லிப் பிழைக்கும் வயது எனக்கு இல்லை.

எங்கள் ஊரில், போகிறவன் திரும்பி வரவே கூடாது என்றால் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மண்கூஜாவைப் போட்டு உடைப்போம். எட்டு வருஷத்துக்கு முன்பு, மனைவி இன்ஸாஃபோடு சண்டை போட்டுவிட்டு லிபியாவின் பெங்காசிக்கு வேலைக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டிப் பத்தடிகூட வைக்கவில்லை. பின்னால் படீரென்று ஒரு கூஜா உடைந்தது. அவள் என் பெயரைக் கத்தியதும் கேட்டது. திட்டுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கடிதம் போடவில்லை, முகவரியும் தரவில்லை. அத்தனை வீம்பு எனக்கு.

போன ஜூனில் அந்த வீம்பு தேய்ந்து ஊருக்கு வந்தேன். மதியம் மணி 3.20. வெயிலில் தெரு காலி. மேலே போகத் துணிவில்லாமல் சன்னலுக்குக் கீழே நின்றேன்.

கிரீச்...

சன்னலின் சின்னக் கதவு திறந்தது. கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. உள்ளே மண்கூஜா. வியர்த்திருந்தது.

"எடுங்க. இந்தத் தடவை கயிறு அறாது."

அவள் குரல்தான். குடித்தேன். ஆரஞ்சுப்பூ மணம், அவள் கைப்பக்குவம். பாதி சட்டையில் வழிந்தது. அழுதுவிட்டேன்.

"மன்னிச்சிடு, இன்ஸாஃப்."

சல்லடைக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. துளைகள் ஒவ்வொன்றாக இருட்டின...

படியேறி ஓடினேன்.

கதவில் துருப்பிடித்த பூட்டு.

சத்தம் கேட்டு எதிர்க்கடை மஹ்ரூஸ் சாவியோடு வந்தார். "அவ மௌத்தாகி அஞ்சு வருஷம் ஆச்சு, ஷஹாத்தா. உனக்கு எங்கேன்னு தகவல் சொல்றது?"

திறந்தார். தரையெல்லாம் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. சன்னலில் அந்தக் கூடை. அதற்குள் கூஜாவின் உடைந்த ஓடுகள் மட்டும். கயிறு இரண்டு துண்டாகக் கிடந்தது.

தானே உடைத்ததை ஏன் பொறுக்கி வைத்தாள் என்று கேட்டேன்.

மஹ்ரூஸ் என்னையே பார்த்தார். "அவ எங்கப்பா உடைச்சா? வழிக்குக் குடிக்க உனக்குத் தண்ணி இறக்கினா. கயிறு அறுந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டா. நீ திரும்பல. சாகுற அன்னைக்கும் இந்தச் சன்னல்லதான் உக்காந்திருந்தா."

சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம்.

'இந்தத் தடவை கயிறு அறாது' என்று அவள் சொன்னபோது, அது முன்பு ஒரு தடவை அறுந்ததே எனக்குத் தெரியாது.