பேசல் மெட்டபாலிசமும் இரண்டு டம்ளர் காபியும்

1. புரூஃப் வந்த வாரம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் லாப் அசிஸ்டென்ட். டாக்டர் லூர்தம்மாள் அங்கே உடல் கொழுப்பையும் பேசல் மெட்டபாலிசத்தையும் ஆராய்ந்துவந்தார். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடுகிறது என்ற கணக்கு அது. காலையில் வெறும் வயிற்றோடு ஆளைப் படுக்கவைத்து, மூக்கில் கிளிப் போட்டு, வாயில் ரப்பர் மவுத்பீஸைக் கொடுப்பேன். அவர் மூச்சு விட விட, டிரம்மில் சுற்றிய காகிதத்தில் பேனா கோடு போடும். கோடு செங்குத்தாக ஏறினால் செலவு அதிகம். பிறகு காலிப்பர் என்ற கவ்வியால் கை, வயிற்று மடிப்புகளைக் கிள்ளிக் கொழுப்பை அளப்போம்.

பருத்தவர்கள் மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து வந்தார்கள். மெலிந்தவர்கள் அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து. உடம்பின் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கைச் சரிக்கட்டிய பிறகும் பருத்தவர்களின் கோடு ஏறியே இருந்தது. கொழுப்பு கூடினால் உடம்பு அதிகம் எரிக்கிறது என்று டாக்டர் எழுதினார். கல்கத்தாப் பத்திரிகை ஒன்று அதை ஏற்று, பிழை பார்க்கப் புரூஃப் அனுப்பியது. கட்டுரை வெளிவந்தால் டாக்டரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று கூடத்தின் தலைவரான புரொஃபசர் சொல்லியிருந்தார்.

புரூஃபைத் திருப்பி அனுப்புமுன் ஒரு ரீடிங்கைத் தாமே பார்க்கப் புரொஃபசர் விரும்பினார். பருத்தவர்களில் ஒருவரான கல்யாணச் சமையல்காரர் கிச்சாமி ஐயரை வரவழைத்தோம். கோடு நன்றாக ஏறியது. புரொஃபசர் தலையாட்டினார். நான் மவுத்பீஸை எடுத்தேன்.

"இன்னிக்கு என்னமோ மந்தமா இருக்கு. காலம்பற காபி சரியில்லை" என்றார் கிச்சாமி ஐயர்.

"எந்தக் காபி?" என்றார் டாக்டர்.

"ஆத்துல எழுந்ததும் சாப்பிடற காபிதான். ரெண்டு டம்ளர்."

"வெறும் வயித்தோட வரணும்னு சொல்லியிருந்தேனே?"

"வெறும் வயிறுதாம்மா. பச்சைத் தண்ணிகூட குடிக்கலை. காபியெல்லாம் ஆகாரத்துல சேர்த்தியா?"

காபி மெட்டபாலிசத்தை ஏற்றும். அதிலுள்ள பாலும் சர்க்கரையும் ஆகாரம். இது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும்.

2. தந்தி

மாட வீதிகளில் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எல்லோரும் காபி குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஒரு மாமி, "பின்னே, எழுந்து வர வேண்டாமா?" என்று கேட்டார். ஆற்றங்கரைக்கும் போனேன். சலவைத் தொழிலாளி முனுசாமி துணியை அடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "காலைல இன்னா கீது குடிக்க? கஞ்சியே மத்தியானந்தான். நீ சொல்லாங்காட்டியும் வெறும் வயித்தோடதான் வந்திருப்பேன் நைனா."

ஆக, நாங்கள் ஒப்பிட்டது கொழுப்பை அல்ல.

"அச்சுக் கோத்தாச்சு டாக்டர். ரெண்டு டம்ளர் காபிக்காக நிறுத்துவீங்களா?" என்றார் புரொஃபசர்.

"ரெண்டு டம்ளர் இல்ல சார். ஆளுக்கு ரெண்டு."

"அடுத்த மாசம் கமிட்டி கூடுது. கட்டுரை இல்லேன்னா நான் ஒண்ணும் பேச முடியாது."

கட்டுரையை நிறுத்தச் சொல்லி டாக்டர் அன்று மாலை கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்தார். கமிட்டி வேறொருவரை நிரந்தரமாக்கியது.

மறுபடி அளக்க ஆரம்பித்தோம். காபி கூடாது என்றதும் பருத்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேரோடு கிச்சாமி ஐயரும் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "மண்டை இடிக்கறது. சீக்கிரம் ஆகட்டும்" என்று படுத்தார். பரப்பளவுக்குச் சரிக்கட்டியதும் அவருடைய கோடும் முனுசாமியின் கோடும் ஏறக்குறைய ஒரே சாய்வில் விழுந்தன. மற்றவர்களுக்கும் அப்படியே.

புதிய கட்டுரை அடுத்த வருஷம் வெளிவந்தது. நான்கு பக்கம். பரப்பளவுக்குச் சரிக்கட்டினால் பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் வித்தியாசம் தென்படவில்லை என்பதே முடிவு. யாரும் வந்து பாராட்டவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள். எழுந்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போயிற்று என்று கேளுங்கள். சிலருக்குக் கோபம் வரும், பதிலும் வரும்.

நிரந்தர வேலை கைநழுவிப் போனதில் வருத்தமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். மூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடாலைம் டப்பாவை மூடியபடி சொன்னார்: "அந்த முதல் கட்டுரையால வேலை கிடைச்சிருந்தா, ரிட்டயர் ஆகிறவரைக்கும் அதையே பாடம் நடத்திக்கிட்டு இருக்கணும்."